ஒண்ணு பத்துக்கு எட்டிப் பாக்கிற ஆள்

ஜூன் 3

எக்ஸ்சேஞ்சு மேடத்துக்கு அத்தான் எழுதறது.

உன்னை பஸ் ஏத்தி விட்டுட்டு வீட்டுக்கு வந்தா உங்க அக்கா கண்ணைத் தொடைச்சிட்டு நிக்கறா. "தங்கச்சி ஞாபகமா?"ன்னு கேட்டேன். "வெங்காயம்"னா. உன் மதிப்பு அவ்வளவுதான், தெரிஞ்சு வெச்சுக்கோ.

நாப்பது வருஷம் ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்த டெலிபோன் ஆபரேட்டர் நீ. இப்போ மருமக பிரசவத்துக்குன்னு போய், போன் சிக்னலும் இல்லாம நெட்டும் இல்லாம, அணை கட்டற காட்டுல உக்காந்திருக்கே. தபாலே சாமான் வண்டியிலதான் வரும்னியே, நான் எழுதறது உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில நசுங்கித்தான் வந்து சேரும். அதனால அழுத்தி எழுதறேன்.

ஜோடியில ஒண்ணைத் தொலைச்சவங்களுக்காக நீ நடத்தற வெப்சைட்டைப் பாத்துக்கச் சொல்லி விட்டுட்டுப் போன லேப்டாப்பை ஜன்னல் பக்கத்து மேஜையில வெச்சிருக்கேன். நீ எழுதி ஒட்டின சீட்டும் அதும் மேலயே இருக்கு. "அத்தான், தினம் மூணு வேலை. கண்ட்ரோல் பேனலைத் திறந்து பேக்கப் எடுத்திருக்கா பாருங்க. டிஸ்க் நிறைஞ்சிடுச்சா பாருங்க. புதுசா வந்த பதிவுக்கு 'சரி' அமுக்குங்க. வேற எதையும் தொடாதீங்க." கடைசி வரிக்கு அடியில மூணு கோடு. ஃபாக்டரி கேட்டுல முப்பத்தேழு வருஷம் நின்னவனுக்கு இவ்வளவு மரியாதையா?

இன்னிக்கு பாத்தேன். பேக்கப் பச்சை டிக். டிஸ்க் எழுபத்தொண்ணு சதவீதம். ஒத்தைச் செருப்பு, ஒத்தைக் கையுறை, மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடின்னு ஜோடி தொலைஞ்ச சாமான் போட்டோவுக்கே முக்கால் டிஸ்க் போச்சுன்னா, இந்த உலகம் எவ்வளவு அஜாக்கிரதையா நடக்குதுன்னு பாத்துக்கோ. அதுவும் சர்வர் மேகத்துல இருக்காமே. நாமெல்லாம் இன்னும் தரையில கெடக்கோம், ஒத்தைச் செருப்பு அதுக்குள்ள மேல போயிடுச்சு.

அந்தக் கல்யாணப் பொண்ணு, நர்ஸம்மா, நீ கெளம்பினதும் வந்துச்சு. "ஐயா, எதாவது தகவல் வந்துச்சா?"ன்னு வாசல்லயே நின்னு கேக்குது. இல்லன்னேன். "இருபத்தெட்டாம் தேதி கல்யாணம். அம்மாவோட கம்மலை வாங்கிப் போட்டுட்டுப் போய் ஒண்ணைத் தொலைச்சு ஆறு வருஷம் ஆச்சு. லாக்கர்ல ஜோடியா பத்திரமா இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு இருக்கேன். கல்யாணத்தன்னிக்கு ரெண்டு காதையும் பாப்பாங்க"ன்னு சொல்லி மூஞ்சியை தொங்கப் போட்டுச்சு. "ஒரு காதுப் பக்கம் முடியைத் தள்ளி விட்டுக்கோம்மா"ன்னேன். மொறைச்சிட்டுப் போயிடுச்சு.

உன் அத்தான்

*

ஜூன் 7

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் உருளைக்கிழங்கு வாசத்தோடு வந்தது. மருமகளுக்கு நாள் இன்னும் இருக்கிறது. மகன் காலையில் தொப்பி போட்டுக்கொண்டு போனால் சாயங்காலம் சிமெண்ட் பொம்மை மாதிரி திரும்புகிறான். நான் நன்றாக இருக்கிறேன், நீங்கள் என் லேப்டாப்பைத் தொடும் ஞாபகம் வராத வரை.

அந்தப் பெண்ணைக் கிண்டல் பண்ணாதீர்கள். தேடித் தருகிறேன் என்று நான் சொல்லவில்லை, முயற்சி பண்ணுகிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் அவள் கேட்டது நான் சொன்னதை இல்லை. அவளுக்கு நான் வாக்குக் கொடுத்த மாதிரிதான் ஆகிவிட்டது.

அதனால் ஒரு விஷயம் சொல்லி வைக்கிறேன், உங்களோடு இருக்கட்டும். யார் என்ன பதிவு போட்டாலும், படத்தில் தெரியாத ஓர் அடையாளத்தை என்னிடம் மட்டும் சொல்லச் சொல்லுவேன். கண்டவர் எல்லாம் "என்கிட்ட இருக்கு" என்று வந்துவிடக்கூடாது பாருங்கள். இந்தக் கம்மலுக்கு அடையாளம், பின்னால் இருக்கும் திருகில் பல் தடம். அவள் குழந்தையாக இருந்தபோது அம்மா காதிலிருந்தே பிடுங்கிக் கடித்திருக்கிறாள். யாராவது வந்து அதைச் சொன்னால் அதுதான்.

பேனலில் "பாதுகாப்பு" என்று ஒரு பக்கம் இருக்கும். அதைத் திறக்க வேண்டாம். பெயரைப் பார்த்ததும் உங்களுக்குக் கை அரிக்கும், தெரியும்.

கொழுந்தியா

*

ஜூன் 11

மேடம்,

உன் லெட்டர் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே கை அரிச்சிடுச்சு. என் மேல தப்பு இல்ல, தபால் மேலதான்.

அந்தப் பக்கத்தைத் தொறந்தா, அடேயப்பா! உன் வெப்சைட்டுக்கு யாரு வர்றான், எத்தனை மணிக்கு வர்றான், எந்தப் பக்கத்தைப் பாக்கறான், எல்லாம் வரிசையா ஓடுது. பேரு இல்ல, ஆளுக்கு ஒரு நம்பர். பக்கத்துலயே "தடு"ன்னு ஒரு பொத்தான். ரிட்டயர் ஆகி பதினோரு வருஷம் கழிச்சு எனக்கு மறுபடியும் ஒரு கேட்டு கெடைச்சிருக்கு. கண்ணு கலங்கிடுச்சு. இது வெங்காயம் இல்ல.

பெரிய நோட்டு ஒண்ணு வாங்கி கோடு போட்டுட்டேன். மாதிரிக்கு ரெண்டு வரி எழுதறேன் பாரு:

காலை 9.20. நம்பர் கடைசி 44. மூடி இல்லாத டப்பா பாத்தார். ஒழுங்கா பாத்துட்டு ஒழுங்கா போனார். விட்டேன்.

காலை 9.31. நம்பர் கடைசி 7. ஒரே நிமிஷத்துல இருநூறு பக்கம் பாத்தான். மனுஷனா அவன்? தடுத்தேன்.

இப்படி இதுவரைக்கும் அறுபத்தொரு பேரை நிறுத்தியிருக்கேன். அதுல ஒரு ஆளு இருக்கான் பாரு, அவன்தான் எனக்கு சரியாப் படல. தினம் மத்தியானம் ஒண்ணு பத்துக்கு வருவான். நேரா அந்த நர்ஸம்மா கம்மல் பக்கத்துக்குப் போவான். அரை நிமிஷம் பாப்பான். ஒரு வார்த்தை எழுத மாட்டான், வந்த வழியே போயிடுவான். நாலு நாள் கவனிச்சேன். நம்ம ஃபாக்டரி கேட்டுலயும் இப்படித்தான் ஒருத்தன் எட்டி எட்டிப் பாத்துட்டே இருந்தான், அஞ்சாம் நாள் செம்புக் கம்பியைக் காணோம். இவனை நாலாம் நாளே நிறுத்திட்டேன்.

நிறுத்தினா "அனுமதி இல்லை"ன்னு மொட்டையா ஒரு பக்கம் வருது. அது என்ன பேச்சு, வந்தவனை நாயை வெரட்டற மாதிரி? ஃபைல் மேனேஜர்ல போய் அந்தப் பக்கத்தைத் தேடிப் புடிச்சு மாத்தி எழுதிட்டேன். இப்போ இப்படி வரும்:

"வணக்கம். உங்களை நிறுத்தி வெச்சிருக்கோம், கோவிச்சுக்காதீங்க. நீங்க யாரு, எங்கேந்து வர்றீங்க, என்ன விஷயம்? இந்த நம்பருக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. காலை எட்டுலேந்து சாயங்காலம் ஆறு வரை. ஒண்ணுலேந்து ஒண்ணரை சாப்பாடு, எடுக்க மாட்டோம். இப்படிக்கு, கேட்டு."

வீட்டு போன் நம்பரைப் போட்டிருக்கேன். உங்க அக்கா படிச்சுப் பாத்துட்டு, "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு"ன்னா. பாராட்டுதான்.

அத்தான்

*

ஜூன் 14

அத்தான்! அத்தான்!

அறுபத்தொரு பேரா? அது ஃபாக்டரி இல்லை, செம்புக் கம்பி ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் எதையோ தொலைத்துவிட்டு, "கிடைத்ததா, கிடைத்ததா" என்று பார்க்க வருகிறவர்கள். எட்டிப் பார்ப்பதுதான் அவர்களுக்கு வேலை. அதற்குத்தான் நான் கதவையே வைத்திருக்கிறேன்.

ஒரு நிமிஷத்தில் இருநூறு பக்கம் பார்த்தவன் மனுஷன் இல்லை, சரிதான். அது தேடு இயந்திரம் அனுப்புகிற ரோபோ. அதை நிறுத்தினால் "ஒத்தைக் கம்மல்" என்று யார் தேடினாலும் நாம் கிடைக்க மாட்டோம். இந்தக் கடிதம் கிடைத்ததும், நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எல்லாரையும் உள்ளே விடுங்கள்.

முக்கியமாக அந்த ஒன்று பத்து ஆளை. தினமும் அந்தக் கம்மலை மட்டும் வந்து பார்க்கிறவர் யாராக இருக்கும்? தொலைத்தவளுக்கு அதைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அவளிடம் ஒன்று இருக்கிறதே. அப்புறம் யார்? நீங்களே யோசியுங்கள்.

இன்னும் பதினாலு நாள்.

கொழுந்தியா

*

ஜூன் 15

மேடம்,

உன் பதில் இன்னும் வரல. அதுக்குள்ள ஒரு அவசரம். திருடனைப் புடிச்சிட்டேன்.

முந்தாநேத்து காலையில ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்ல. வந்ததும் பேனலைத் தொறந்தேன். யாரு யாரு பேனலுக்குள்ளயே வந்தாங்கன்னு ஒரு பட்டியல் இருக்கு பாரு, அதுல ஒரு புது நம்பர். மொதல் நாளே நம்ம வீட்டு நம்பரை நோட்டுல மொத வரியில "நம்ம ஆளு"ன்னு எழுதி வெச்சிருந்தேன். இது அது இல்ல. உன் பேரைப் போட்டு, உன் பாஸ்வேர்டையே போட்டு, ரெண்டு நிமிஷம் முன்னாடி எவனோ உள்ள பூந்திருக்கான்! ஆனா நாம யாரு? அந்த 'தடு' பொத்தான் எல்லாம் இதுக்குப் பத்தாதுன்னு, ஃபயர்வாலுக்கே போய், வெளிக் கேட்டுலயே அந்த நம்பரைப் போட்டுப் பூட்டிட்டேன்.

அமுக்கின அடுத்த நொடி திருடன் அவுட்.

ஆனா அதுலேந்து எனக்கும் பேனல் தொறக்க மாட்டேங்குது. வெள்ளையா ஒரு பக்கம் சுத்திட்டே இருக்கு. போற போக்குல எதையோ உடைச்சிட்டுப் போயிருக்கான் போல. சலூன்காரர் வெவரம் தெரிஞ்சவர். "சர்வர் கம்பெனிக்காரன் பக்கத்துலேந்து பழைய பேக்கப்பைத் திருப்பிப் போட்டுடுங்க, எல்லாம் மொத நாள் மாதிரி ஆயிடும், ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது"ங்கறார். அந்த பாஸ்வேர்டும் உன் சீட்டுக்குப் பின்பக்கம் இருக்கு. ஆசையாத்தான் இருக்கு. உன்னைக் கேட்டுட்டு அமுக்கலாம்னு இருக்கேன். நான் ஒரு பொத்தானை அமுக்காம உன்னைக் கேக்கறது இதான் மொதல் தடவை, நாள் குறிச்சு வெச்சுக்கோ.

போன் நல்லா வருது. ஒரு பெரியவர் டிபன் கேரியர் நடுத்தட்டைத் தொலைச்சிருக்கார், அரை மணி நேரம் பேசினோம். ஒரு பொண்ணு என்னைத் திட்டிச்சு, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பாட்டு நேரத்துல மட்டும் எவனோ விடாம தினம் அடிக்கறான். போர்டு போட்டிருக்கு, படிக்கத் தெரியாதா? நான் எடுக்கல, உங்க அக்காவையும் எடுக்க விடல. சட்டம்னா சட்டம்.

அத்தான்

*

ஜூன் 18

அன்புள்ள திருடருக்கு,

பேத்தி பிறந்திருக்கிறாள். முகாம் ஆஸ்பத்திரியில், நேற்று காலை. தாயும் பிள்ளையும் சுகம். உங்கள் கடிதத்தை மருமகளுக்குப் படித்துக் காட்டினேன். தையல் வலிக்கிறது, படிக்காதீங்க அத்தை என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அத்தான், கரண்ட் போய் வந்தால் நம் வீட்டு மோடத்துக்கு நம்பர் மாறிவிடும். உள்ளே வந்த புது ஆள் நீங்கள்தான். நீங்கள் உங்களையே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டு, தெருவில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய பேக்கப்பைத் திருப்பிப் போடாதீர்கள். போட்டால் உங்கள் தப்பெல்லாம் அழிந்துவிடும், உண்மைதான். அதோடு இந்த இரண்டு வாரத்தில் பதிவு போட்டவர்கள் எல்லாரும் அழிந்து போவார்கள். அந்தச் சலூன்காரரிடமே லேப்டாப்பைக் கொண்டு போங்கள். அவர் கடை நெட்டுக்கு வேறு நம்பர், பேனல் திறக்கும். ஃபயர்வாலில் போய் உங்கள் நம்பரை எடுத்துவிடுங்கள். பிறகு அந்த அறுபத்தொன்றையும்.

இன்னொன்று. ஒன்று பத்துக்கு வெப்சைட் பார்த்தவரை நிறுத்தினீர்கள். இப்போது சாப்பாட்டு நேரத்தில் தினமும் போன் அடிக்கிறது. அந்த மனுஷருக்கு அந்த அரை மணிதான் ஓய்வாக இருக்கும். உங்களுக்குச் சாப்பாட்டு நேரம் என்றால் அவருக்கும் அதுதானே?

தட்டை நகர்த்திவிட்டுப் போனை எடுங்கள். பத்து நாள்தான் இருக்கிறது.

கொழுந்தியா

*

ஜூன் 23

மேடம்,

பேத்திக்கு ஒரு முத்தம். மூக்கு உன்னை மாதிரி இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கறேன்.

உன் லெட்டர் நேத்து காலை பதினொண்ணரைக்கு வந்துச்சு. படிச்சதும் உங்க அக்கா தரையில உக்காந்து சிரிச்சா. தூக்கி விடக் கையைக் கொடுத்தேன். "வேணாம், உங்களை நீங்களே தடுத்துக்கிட்டவர், என்னை எங்க தூக்கப் போறீங்க"ங்கறா. இந்த வீட்டுல இனிமே எனக்கு மரியாதை கெடையாது.

லேப்டாப்பைத் தூக்கிட்டு சலூனுக்குப் போனேன். அங்க சும்மா உக்கார முடியுமா? நாற்காலியில உக்கார வெச்சு மூஞ்சி பூரா நுரையைப் பூசிட்டார். மடியில லேப்டாப்பு. தொறந்துச்சு! மொதல்ல என்னை உள்ள விட்டேன். அப்புறம் நோட்டைப் பாத்து ஒவ்வொரு நம்பரா வெளியில எடுக்க ஆரம்பிச்சேன். ரோபோவை விட்டேன். டிபன் கேரியர் பெரியவரை விட்டேன். திட்டின பொண்ணையும் விட்டேன். சலூன்காரர் ஒரு கன்னம் முடிச்சிட்டு, "இந்தப் பக்கம் திரும்புங்க"ங்கறார். "நாப்பதாவது ஆள்ல இருக்கேன், இருய்யா"ங்கறேன்.

அப்போ வெளியில ஒரே சத்தம். உங்க அக்கா ஓடி வர்றா. இந்த இருபது வருஷத்துல அவ ஓடி நான் பாத்ததில்ல.

"ஏங்க, நான் எடுத்துட்டேன்!"

"எதை?"

"போனைத்தான்! நீங்கதான் வீட்டுல இல்லையே, யாரு சட்டம் பேசறது? ஒரு அம்மா. அழுவுறாங்க. வைக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், வாங்க!"

பாதி மூஞ்சி நுரையோட ஓடினேன். தெருவுல ஒரு குழந்தை பயந்துடுச்சு. போனை எடுத்து, "யாரும்மா?"ன்னேன்.

"ஐயா, நான் திருடி இல்லீங்க."

இதான் அந்தம்மா பேசின மொதல் வார்த்தை.

ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல துணி தேய்க்கற அம்மா. ஆறு வருஷம் முன்னாடி மிஷின் வடிகட்டியில பஞ்சோட பஞ்சா இந்தக் கம்மல் கெடச்சிருக்கு. நர்ஸம்மா சட்டையிலேந்து விழுந்திருக்கும். ஆபீஸ்ல கொடுத்தா எவனாவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவான்னு, மாத்திரை டப்பாவுல போட்டு தன் பெட்டியில வெச்சிருக்காங்க. போன மாசம்தான் அவங்க மருமக உன் வெப்சைட்டைக் காட்டியிருக்கு. அன்னிலேந்து மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல டப்பாவைத் தொறந்து பக்கத்துல வெச்சுக்கிட்டு, அதானா இதுன்னு பாத்துட்டே இருந்திருக்காங்க.

"அப்போ எழுதிப் போட வேண்டியதுதானேம்மா?"

"அதுல ஈமெயில் கேக்குதுங்க, எனக்கு அது இல்ல. எங்கே, எப்போன்னு கட்டம் கட்டமா கேக்குது. இத்தனை வருஷம் ஏன் வெச்சிருந்தேன்னு கேட்டா நான் என்னன்னு எழுதுவேன்? பாத்துட்டு மூடிடுவேன். ஒரு நாள் தொறந்தா 'உங்களை நிறுத்தி வெச்சிருக்கோம்'னு வந்துச்சு. போலீஸுக்குத் தெரிஞ்சு போச்சுன்னே நெனச்சேன். அப்புறம் மருமக முழுசா படிச்சுக் காட்டுச்சு. யாரு, என்ன விஷயம், போன்ல சொல்லுன்னு போட்டிருக்கீங்க. பேசறதுன்னா எனக்கு வருமுங்க. ஒம்பது நாளா அடிக்கறேன், நீங்க எடுக்கவே இல்ல."

முப்பத்தேழு வருஷத்துல மந்திரியையே கேட்டுல நிக்க வெச்சிருக்கேன். யாருகிட்டயும் மன்னிப்பு கேட்டதில்ல. நேத்து கேட்டேன். காதுல நுரை ஒழுவுது.

கடைசியா, "பின்னாடி திருகு எப்படி இருக்கும்மா?"ன்னேன்.

"அதுல எதோ சின்னப் பல்லு பதிஞ்ச மாதிரி இருக்குங்க. எலி கடிச்சிருக்குமோ?"

"எலி இல்லம்மா. கல்யாணப் பொண்ணு"ன்னேன்.

சாயங்காலம் நர்ஸம்மாவும் நானும் சலவைக் கூடத்துக்கே போனோம். ஒரே கட்டடத்துல, ரெண்டு மாடிக்குக் கீழ, ஆறு வருஷமா இருந்திருக்கு. அந்தப் பொண்ணு டப்பாவைத் தொறந்து பாத்துட்டு, அந்தம்மாவைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல. நீராவியில ரெண்டு பேரும் நனைஞ்சு போயிட்டாங்க. கல்யாணத்துக்கு வரச் சொல்லியிருக்கு. எங்களையும்.

அத்தான்

*

ஜூன் 26

அத்தான்,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். சாமான் வண்டிக்காரர், "என்னம்மா, வீட்டுல எதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி அவர் கையில் இரண்டு முட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், என்ன செய்கிறேன் என்று தெரியாமல்.

ஈமெயில் கட்டாயம் என்று படிவத்தில் போட்டவள் நான். பத்து வருஷமாக அதைப் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், குப்பை வராது என்று. எத்தனை பேர் அந்தக் கட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார்களோ. நீங்கள் வெளிப்படையாக நிறுத்தினீர்கள், நான் சத்தமில்லாமல் நிறுத்தியிருக்கிறேன்.

உங்கள் "கேட்டு" பக்கத்தை எடுக்க வேண்டாம். அதிலிருக்கும் போன் நம்பரை முதல் பக்கத்திலேயே போடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் அக்கா எடுக்கட்டும். இது உத்தரவு.

கல்யாணத்துக்குப் போய் அந்த அம்மாக்காரி முகத்தைப் பார்த்து எழுதுங்கள். ஒரு வரி விடாமல்.

கொழுந்தியா

*

ஜூன் 29

மேடம்,

உத்தரவுப்படி போட்டாச்சு. நேத்து கல்யாணத்துக்கும் போயிட்டு வந்தாச்சு. சலவைக்கூட அம்மாவும் வந்தாங்க, தானே தேய்ச்ச சேலை, மடிப்புல கையை வெச்சா அறுத்துடும்.

பொண்ணு ரெண்டு காதுலயும் கம்மல் போட்டுக்கிட்டு, முடியெல்லாம் பின்னாடி தள்ளி, காதை நீட்டிக்கிட்டே உக்காந்திருக்கு. அம்மாக்காரி வந்தாங்க. எதிர்ல நின்னாங்க. இந்தக் காதைப் பாத்தாங்க, அந்தக் காதைப் பாத்தாங்க. அப்புறம் பொண்ணோட தாடையைப் புடிச்சுத் திருப்பி, பின்னாடி திருகைத் தடவிப் பாத்தாங்க. பொண்ணு மூச்சை அடக்கிட்டு இருக்கு. நாங்க மூணு பேரும் கூட.

"இது எப்படிடீ ரெண்டாச்சு?"ன்னாங்க.

"என்னம்மா, எப்பவும் ரெண்டுதானே?"

"பொய் சொல்லாத. நீ தொலைச்ச ரெண்டாம் நாளே எனக்குத் தெரியும். லாக்கர் சாவி என்கிட்டதானே இருக்கு? நீயா வந்து சொல்லுவேன்னு ஆறு வருஷமா பாத்துட்டு இருக்கேன். கடைசி வரைக்கும் வாயைத் தொறக்கல. சரி, கல்யாணத்தன்னிக்கு அழ வேணாம்னு நானே ஒண்ணு செய்யச் சொல்லி இடுப்புல சொருகி வெச்சிருக்கேன்!"

இடுப்பு முடிச்சை அவுத்துக் காட்டினாங்க. அச்சு அசலா அதே மாதிரி ஒத்தைக் கம்மல்.

உங்க அக்கா சிரிச்ச சிரிப்புல மாப்பிள்ளையே திரும்பிப் பாத்துட்டார். பொண்ணு அழுவுது, சிரிக்குது, ரெண்டும் ஒண்ணா. அப்புறம் சலவைக்கூட அம்மாவைக் கூட்டியாந்து எல்லாத்தையும் ஒப்புக்கிச்சு. அம்மாக்காரி கதையை முழுசா கேட்டாங்க. அந்தப் புதுக் கம்மலை எடுத்து அந்தம்மா உள்ளங்கையில வெச்சு விரலை மூடிட்டாங்க. "ஆறு வருஷம் பாத்துக்கிட்டீங்க. இது உங்களுக்கு"ன்னாங்க.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இன்னிக்கு மத்தியானம் ஒண்ணு பத்துக்கு போன். உங்க அக்கா எடுத்து என்கிட்ட நீட்டறா.

"ஐயா, ஒத்தையா வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? என் மருமகளுக்கு ரெண்டு காது இருக்கே. இதுக்கு ஒரு ஜோடி தேடிக் கொடுங்க."

நானே பதிவு போட உக்காந்துட்டேன். பேரு போட்டாச்சு. போட்டோ போட்டாச்சு. ஈமெயில் கட்டத்துல நம்ம வீட்டு போன் நம்பரை அடிச்சு, அது சண்டை போட்டு, அக்கா சொல்லி உன் ஈமெயிலைப் போட்டாச்சு. "ஜோடியை எங்கே தொலைத்தீர்கள்?"னு அடுத்த கட்டம். போன்லயே கேட்டேன். "தொலைக்கலைங்களே. இதுக்கு ஜோடியே செய்யலையாமே"ங்கறாங்க. காலியா விட்டா அனுப்ப மாட்டேங்குது.

என்னத்தைப் போடறதுன்னு உடனே எழுது. அந்தம்மா லைன்லயே இருக்காங்க. வெச்சுடும்மா, லெட்டர் போய் வர ஆறு நாள் ஆகும்னு சொன்னேன். "பரவால்லீங்க, ஒண்ணரை வரைக்கும் இருக்கேன்"ங்கறாங்க.

அத்தான்